கந்தர்வக்கோட்டை ஓட்டு போகும் வழி

2024 ஏப்ரல் 19 அன்று கந்தர்வக்கோட்டைத் தொகுதி மக்கள் போட்ட ஓட்டு, ஜூன் 4 அன்று திருச்சி ஜமால் முகமது கல்லூரியில் எண்ணப்பட்டது. இடையில் 46 நாள். ஊர் இருப்பது புதுக்கோட்டை மாவட்டத்தில். கடைகண்ணிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பலருக்குத் தஞ்சாவூர்தான் பக்கம். நாடாளுமன்றத் தேர்தல் என்று வந்தால் மட்டும் திருச்சித் தொகுதி. 2008 மறுவரையறையில் உருவாகி, 2011இல் முதல் சட்டமன்றத் தேர்தலைச் சந்தித்த தனித்தொகுதி இது. முந்திரிக்காடுகளுக்கு நடுவே இருக்கும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் காலை ஏழு மணிக்கு வாக்குப்பதிவு தொடங்கி மாலை ஆறு மணிக்கு முடிந்தது. கருவிகளுக்குச் சீல் வைத்தார்கள், பூத் ஏஜென்ட்டுகள் கையெழுத்துப் போட்டார்கள், வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது.

இந்த நீண்ட வழியில் ஓட்டுக்கு ஆபத்து எந்த இடத்தில்? டீக்கடையில் யாரைக் கேட்டாலும் ‘மெஷின்லதான்’ என்பார்கள். தோற்ற கட்சிக்காரர் இன்னும் அழுத்தமாகச் சொல்வார். தமிழ்நாட்டின் எல்லாத் தொகுதிகளுக்கும் இயந்திரம் வந்தது 2001இல். அதற்குப் பிறகு இங்கே நடந்த கோளாறுகள், வழக்குகள், ரத்தான தேர்தல்கள் ஆகியவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் வேறொரு படம் கிடைக்கிறது. காவல் பலமாக இருந்த இடத்தில் விபத்து அநேகமாக நடக்கவில்லை. யாரும் காவல் வைக்க நினைக்காத இடங்களில்தான் நடந்திருக்கிறது: வாக்காளர் பட்டியலில், கைப்பேசியில், ஸ்கூட்டரில், தபால் ஓட்டில். அதே சமயம், இயந்திரத்தைப் பற்றிய சந்தேகத்தைத் தீர்த்துவைக்கும் எளிய வழி கையில் இருந்தும் அதை முழுதாகப் பயன்படுத்த நாம் தயங்குகிறோம். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இந்த இரண்டையும்தான்.

இயந்திரம் வந்த கதை

1977இல் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த எஸ்.எல். ஷக்தர் மின்னணு இயந்திரம் பற்றிய யோசனையை முன்வைத்தார். ஹைதராபாத்தின் இசிஐஎல் நிறுவனம் மாதிரியைச் செய்தது. 1980 ஆகஸ்டில் அதைக் கட்சிகளுக்கு இயக்கிக் காட்டினார்கள். பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் தயாரிப்பில் சேர்ந்தது. அங்கே இந்தக் கருவியின் உருவாக்கத்தை மேற்பார்த்த பொறியாளர்களில் ஒருவர் எஸ். ரங்கராஜன், தமிழ் வாசகர்களின் சுஜாதா.

முதல் சோதனையே நீதிமன்றத்தில் போய் நின்றது. 1982 மே 19 அன்று கேரளத்தின் பரவூர் தொகுதியில், மொத்தம் 84 வாக்குச்சாவடிகளில் 50இல் இயந்திரத்தை வைத்தார்கள். இயந்திரம் வேண்டாம் என்று முன்கூட்டியே வழக்குப் போட்டிருந்த கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை 123 ஓட்டில் ஜெயித்துவிட்டார். தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி. ஜோஸ் இப்போது இயந்திரத்தை எதிர்த்து வழக்குக்குப் போனார். சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த 50 சாவடிகளில் சீட்டு முறையில் மறுவாக்குப்பதிவு நடந்தபோது ஜோஸ் ஜெயித்தார். 1988இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்திய பிறகே இயந்திரம் சட்டப்படி உள்ளே வந்தது.

2001இல் தமிழ்நாட்டிலும் ஏறக்குறைய இதே நாடகம். இயந்திரத்தை எதிர்த்து அதிமுக சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் இயந்திரத்தை ஏற்றது. அடுத்த மாதம் அதே இயந்திரத்தில் அதிமுக கூட்டணி பெருவெற்றி பெற்றது. 2009இல் தோற்ற பாஜக இயந்திரத்தைச் சந்தேகித்தது. 2014க்குப் பிறகு அந்தச் சந்தேகம் எதிர்க்கட்சிகளிடம் இடம் மாறியது. ஜெயித்தவர் மறந்துவிடுவதும் தோற்றவர் நினைத்துக்கொள்வதுமாக நாற்பது ஆண்டுகள் ஓடியதில் கேள்வி மட்டும் தீரவே இல்லை.

சீட்டுக் காலத்தை இன்று ஏக்கத்தோடு நினைப்பவர்கள் 1996 மொடக்குறிச்சியை நினைத்துப் பார்க்க வேண்டும். விவசாயிகளின் எதிர்ப்பாக 1,033 பேர் வேட்பாளராக நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியிருந்தது, தேர்தலே தள்ளிப்போனது. கள்ள ஓட்டு, செல்லாத ஓட்டு, சாவடியைக் கைப்பற்றிக் கத்தை கத்தையாகக் குத்துவது எல்லாம் சீட்டோடு வந்தவைதான். நிமிடத்துக்கு இத்தனை ஓட்டுக்கு மேல் பதிய முடியாதபடி இயந்திரம் கட்டுப்படுத்துவதால், சாவடிக் கைப்பற்றலின் வேகமே குறைந்தது. அந்த நன்மையை மறுப்பது நேர்மையாகாது.

உள்ளே என்ன இருக்கிறது

நம் இயந்திரத்துக்கு இணையத் தொடர்பு இல்லை, வைஃபை இல்லை, புளூடூத் இல்லை. எங்கோ உட்கார்ந்துகொண்டு கந்தர்வக்கோட்டை இயந்திரத்தை இயக்க முடியாது. எந்தச் சாவடிக்கு எந்தக் கருவி என்பதைக் கணினிக் குலுக்கலில் இரண்டு கட்டமாக முடிவு செய்கிறார்கள். வாக்குப்பதிவுக்கு முன் ஏஜென்ட்டுகள் முன்னிலையில் குறைந்தது 50 மாதிரி ஓட்டுப் போட்டு, எண்ணிக் காட்டி, அழித்துவிட்டுத்தான் உண்மையான பதிவு தொடங்க வேண்டும். இத்தனை ஏற்பாட்டையும் தாண்டி ஒரு மாநிலத்தின் தேர்தலை மாற்றிவிடலாம் என்று சொல்பவர், எந்த வழியில் என்பதைச் சொல்ல வேண்டும்.

ஆனால் தொடர்பே இல்லாத கருவியைக் கையில் எடுப்பவர் என்ன செய்ய முடியும்? 2010இல் ஹைதராபாத்தின் ஹரி பிரசாத், அமெரிக்கப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்தின் ராப் கோங்கிரைப் ஆகியோர் உண்மையான இந்திய இயந்திரம் ஒன்றை வைத்து இதை ஆராய்ந்தார்கள். எண்ணிக்கையைக் காட்டும் பலகைக்குப் பதில் பார்வைக்கு அதே போலிருக்கும் வேறொன்றைப் பொருத்தினால் முடிவை மாற்றிக் காட்டலாம். நினைவகத்தில் ஒரு சிறு கருவியைக் கவ்வ வைத்தால் பதிவான ஓட்டையே மாற்றலாம். இரண்டையும் செய்து காட்டினார்கள். இரண்டுக்குமே கருவி தனியாகக் கையில் கிடைக்க வேண்டும், அதுவும் ஒவ்வொன்றாக. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஹரி பிரசாத் கைது செய்யப்பட்டார். அவர் ஆராய்ந்த இயந்திரம் எங்கிருந்து வந்தது என்பதுதான் காவல்துறையின் கேள்வி. அந்தக் கைது தவறு. பூட்டின் பலவீனத்தைச் சொன்னவரைச் சிறைக்கு அனுப்பினால், அடுத்து கண்டுபிடிப்பவர் வெளியே சொல்ல மாட்டார்.

பிறகு விவிபாட் வந்தது. நாம் போட்ட ஓட்டு ஒரு சீட்டில் அச்சாகிக் கண்ணாடிக்குப் பின் ஏழு விநாடி தெரிந்து பெட்டிக்குள் விழும். 2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் அது முதலில் வந்தது. அதை நாடு முழுக்கப் படிப்படியாகக் கொண்டுவர வேண்டும் என்று அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019 மக்களவைத் தேர்தலில் எல்லாச் சாவடியிலும் விவிபாட் இருந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதோடு ஒரு புதிய வாசலும் திறந்தது. பழைய இயந்திரத்துக்கு வேட்பாளர் யாரென்றே தெரியாது. முதல் பொத்தான், இரண்டாவது பொத்தான், அவ்வளவுதான். விவிபாட்டுக்குப் பெயரும் சின்னமும் தெரிந்தாக வேண்டும். 2024இல் மதிமுகவுக்குப் பம்பரம் கிடைக்காமல் போய், துரை வைகோ திருச்சியில் தீப்பெட்டிச் சின்னத்தில் நின்றார். சின்னம் உறுதியானதே கடைசி நேரத்தில். அதன் பிறகுதான் கந்தர்வக்கோட்டைக்குப் போக வேண்டிய விவிபாட்டுகளில் தீப்பெட்டியை ஏற்ற முடியும். அதற்கென்று ஒரு சின்னம் ஏற்றும் கருவி இருக்கிறது. ஆட்சிப் பணியிலிருந்து விலகிய கண்ணன் கோபிநாதன் இந்தக் கட்டத்தைப் பற்றி 2019இலேயே கேள்வி எழுப்பினார். இந்தக் கருவியையும் சீல் வைத்து, முடிவு வந்த பிறகு 45 நாள் பாதுகாக்க வேண்டும் என்று 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாடு ஓட்டுப் போட்டு ஒரு வாரம் ஆன பிறகு வந்த கட்டளை அது.

‘இணையத்தோடு தொடர்பில்லை, ஆகவே ஆபத்தில்லை’ என்ற வாதத்தை நாம் இன்னோர் இடத்திலும் கேட்டிருக்கிறோம். 2019 அக்டோபர் 29 அன்று, கூடங்குளம் அணுமின் நிலையத்தில் இணையத் தாக்குதல் நடக்க வழியே இல்லை என்று நிலையம் அறிக்கை விட்டது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், தன் அமைப்பில் தீநிரல் கண்டறியப்பட்டது உண்மை என்று ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4 அன்றே தகவல் வந்திருக்கிறது. பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்கான, இணையத்தில் இணைந்திருந்த ஒரு கணினி. உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு அதிலிருந்து தனியாக இருந்தது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு அறிக்கைகளிலும் ஓரளவு உண்மை இருந்தது. ஆனால் முதல் நாள் ‘வழியே இல்லை’ என்று சொன்னவர் மறுநாள் சொல்வதைப் பக்கத்து ஊரான இடிந்தகரையில் யார் நம்புவார்? இரானின் நடான்ஸ் அணுக்கூடத்துக்கும் இணையத் தொடர்பு கிடையாது. 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல் அங்கே பென்டிரைவ் வழியாகப் போனதாகத்தான் கருதப்படுகிறது. தொடர்பைத் துண்டிப்பது நல்ல காவல். அது ஒன்றே போதும் என்று சொல்வது பொறுப்பற்ற பேச்சு.

யாருடைய கெட்ட எண்ணமும் இல்லாமல் நேரும் வியப்பும் உண்டு. 2003 மே 18 அன்று பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் நகரில், ஒரு வேட்பாளருக்குக் கிடைத்திருக்கவே முடியாத அளவு ஓட்டு விழுந்திருந்தது. திரும்ப எண்ணிப் பார்த்ததில் கூடுதலாக இருந்தது சரியாக 4,096 ஓட்டு. இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வரும் எண் அது. கணினியின் நினைவகத்தில் ஒரே ஒரு பிட் பூஜ்யத்திலிருந்து ஒன்றாகப் புரண்டிருக்கிறது. விண்வெளியிலிருந்து வந்த ஒரு துகள் பட்டிருக்கலாம் என்பது நிபுணர்களின் ஊகம். எண்ணிக்கை சாத்தியத்தின் எல்லையைத் தாண்டியதால் கண்ணில் பட்டது. நூறோ இருநூறோ கூடியிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

சாலையும் அறையும்

2021 ஏப்ரல் 6 இரவு வேளச்சேரி தொகுதியில் வாக்குப்பதிவுக் கருவிகளை இருசக்கர வண்டியில் எடுத்துப்போனவர்களைப் பொதுமக்கள் மடக்கினார்கள். எடுத்துப்போனவர்கள் தேர்தல் பணியில் இருந்த மாநகராட்சி ஊழியர்கள். அவை பயன்படுத்தாத உபரிக் கருவிகள் என்று முதலில் விளக்கம் வந்தது. பிறகு, அவற்றில் இருந்த விவிபாட் காலையில் சிறிது நேரம் இயங்கிப் பழுதானது என்றும் அதில் 15 ஓட்டு பதிவாகியிருந்தது என்றும் தெரிந்தது. அந்தச் சாவடியில் ஏப்ரல் 17 அன்று மறுவாக்குப்பதிவு நடந்தது. இதில் சதி எதுவும் நிரூபணமாகவில்லை. பழுதான கருவியைத் திருப்பி அனுப்ப ஒரு வண்டி ஏற்பாடு செய்யாத அலட்சியம், அவ்வளவே. அந்த அலட்சியம் ஒரு வாரம் மாநிலத்தின் பேச்சாக இருந்தது.

2019 ஏப்ரலில் மதுரை மருத்துவக் கல்லூரியில் வாக்கு எண்ணும் மையத்துக்குள் ஒரு பெண் தாசில்தார் அனுமதியில்லாமல் நுழைந்து, ஆவணங்கள் இருந்த அறைக்குப் போனார். அவர் பணியிடை நீக்கம் ஆனார், மாவட்ட ஆட்சியரும் மாற்றப்பட்டார். 2024 ஏப்ரல் 27 அன்று ஊட்டியில், நீலகிரித் தொகுதியின் இயந்திரங்கள் இருந்த மையத்தில் கண்காணிப்புக் காமிராக்களின் திரை சுமார் 20 நிமிடம் இருண்டது. தொடர்ந்து ஓடியதில் கருவி சூடேறியதே காரணம் என்று ஆட்சியர் சொன்னார். கோடையில் 46 நாள் இரவுபகலாக ஓட வேண்டிய காமிராவுக்கு மாற்றுக் கருவியை முதல் நாளே வைத்திருக்க வேண்டாமா? பூட்டிய கதவுக்கு வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கும் கட்சிக்காரருக்கு அந்தத் திரை ஒன்றுதான் ஆதாரம். இருபது நிமிடம் அது இல்லையென்றால், அந்த இருபது நிமிடத்தைப் பற்றி இருபது கதை பிறக்கும்.

சாவடிக்கு வரும் முன்பே

தமிழ்நாட்டில் ஒரு தொகுதியின் தேர்தலையே ஆணையம் நிறுத்திய சம்பவங்களை எண்ணிப் பாருங்கள். 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர். 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதி. நான்குமே பணத்தால் நின்றவை. தஞ்சாவூர் கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்து ஊர். கைக்குக் கை போன கவரைப் பற்றி இந்தப் பக்கத்து மக்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. இயந்திரம் சாவடிக்குள் கள்ள ஓட்டைக் கடினமாக்கியது. ஓட்டை வாங்குகிறவர் சாவடிக்கு வெளியே, இரண்டு நாள் முன்னதாகவே வேலையை முடித்துக்கொள்கிறார்.

அவருக்கு வேண்டியது பட்டியல். எந்தத் தெருவில் யார், கைப்பேசி எண் என்ன. 2021இல் புதுச்சேரியில், ஆதாரோடு இணைத்த கைப்பேசி எண்களுக்கு மட்டும் பாஜகவின் சாவடிவாரியான வாட்ஸ்அப் குழுவின் இணைப்பு குறுஞ்செய்தியாக வந்தது என்று இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தினர் சென்னை உயர் நீதிமன்றத்தில் முறையிட்டார்கள். பாஜக குற்றச்சாட்டை மறுத்தது. தன்னிடமிருந்து தகவல் எதுவும் கசியவில்லை என்று ஆதார் ஆணையம் சொன்னது. எண்கள் எப்படிக் கிடைத்தன என்று நீதிமன்றம் கேட்டது. ரேஷனுக்கும் சிலிண்டருக்கும் கொடுத்த எண், சாவடிக் கணக்கில் பிரித்து ஒரு கட்சியின் கைக்குப் போகுமானால், ஓட்டின் ரகசியம் பெட்டிக்கு வருவதற்கு முன்பே பாதி போய்விடுகிறது.

பட்டியலிலிருந்து பெயர் போவது இன்னும் பெரிய ஆபத்து. 2018 தெலங்கானாத் தேர்தல் அன்று, ஆண்டாண்டாக ஓட்டுப் போட்டுவந்த பலர் சாவடிக்கு வந்து பெயரில்லாமல் திரும்பினார்கள். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி மன்னிப்புக் கேட்டார். இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்திய மென்பொருள் பற்றி அப்போது எழுந்த கேள்விகள் இன்றும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4இல் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின், டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், குடிபெயர்ந்தவர்கள், இரட்டைப் பதிவுகள் என்று காரணம் சொல்லப்பட்டது. இறந்தவர் பெயரை நீக்கத்தான் வேண்டும்; கள்ள ஓட்டின் ஊற்று அதுதான். ஆனால் புதுக்கோட்டை மாவட்டம் திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்வருகிறவர்களின் மாவட்டம். வீட்டில் ஆளில்லாத நாளில் வந்து போகும் அலுவலர் அவர்களை எந்தக் கணக்கில் எழுதுவார்? ஒரு இயந்திரத்தைத் திருத்தி ஆயிரம் ஓட்டை மாற்றுவது கடினம். பட்டியலில் ஆயிரம் பெயரை எடுத்துவிட்டால் இயந்திரம் எவ்வளவு நேர்மையாக இருந்தும் பயனில்லை.

கைப்பேசியில் வரும் குரல்

2018 மே மாதம், வடநாட்டிலிருந்து குழந்தை கடத்தும் கும்பல் இறங்கிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் குரல் செய்திகள் பரவின. மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பம் ஒன்று வழியில் குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்தது. கூட்டம் அவர்களை அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் இறந்துபோனார். அதே நாட்களில் பழவேற்காட்டில் ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். நாடு முழுக்க இப்படிப் பல உயிர்கள் போன பிறகு, ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே முறையில் அனுப்ப முடியாதபடி செய்தது. அந்தச் செய்திகளில் செயற்கை நுண்ணறிவு எதுவும் இல்லை. சாதாரணக் குரல், சாதாரணப் பொய்.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக வீடியோக்கள் சுற்றின. வேறு மாநிலங்களில், வேறு காரணங்களுக்காக நடந்த சண்டைகள் அவை. திருப்பூர், கோவைத் தொழிலாளர்கள் பயந்துபோனார்கள், பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்தது, காவல்துறை பொய் என்று அறிவித்தது, அவற்றைப் பரப்பிய ஒரு யூடியூபர் கைதானார். இதற்கும் பெரிய தொழில்நுட்பம் தேவைப்படவில்லை. பழைய வீடியோவுக்குப் புதிய தலைப்பு போதுமானதாக இருந்தது.

அடுத்த படி வேறு மாதிரி. 2023 நவம்பர் 27, மாவீரர் நாள் அன்று, பிரபாகரனின் மகள் துவாரகா என்று சொல்லிக்கொண்டு ஒருவர் இணையத்தில் பேசினார். புலம்பெயர்ந்த தமிழர்கள் உலகெங்கும் அதைப் பார்த்தார்கள். உருவம் செயற்கையானதா, ஆள்மாறாட்டமா என்று குடும்பங்களுக்குள்ளேயே வாக்குவாதம் நடந்தது. 2009இல் முடிந்துபோன துயரத்தை மறுபடி கிளறிவிட ஒரு முகம் போதுமாக இருந்தது. 2024 ஜனவரியில் டி.ஆர். பாலுவின் நூல் வெளியீட்டில், 2018இல் மறைந்த கருணாநிதி திரையில் தோன்றி வாழ்த்தினார். பிப்ரவரி 24, பிறந்தநாள் அன்று ஜெயலலிதாவின் குரலில் அதிமுகவுக்கு ஓட்டுக் கேட்கும் ஒலிப்பதிவு வந்தது. இரண்டையும் கட்சிக்காரர்கள்தான் செய்தார்கள், செயற்கை என்பதை மறைக்கவும் இல்லை. எனினும் எனக்கு இதில் உடன்பாடில்லை. இறந்தவர் மறுக்க முடியாது. அவர் வாயில் இன்றைய அரசியலை வைக்கும் உரிமை கட்சிக்குக் கிடையாது.

இவற்றைவிட எனக்குக் கவலை தருவது 2023 ஏப்ரலில் நடந்தது. அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜனின் குரல் என்று இரண்டு ஒலிப்பதிவுகள் வந்தன. அவை போலியாக உருவாக்கப்பட்டவை என்று அவர் மறுத்தார். பாஜக தலைவர் அண்ணாமலை உண்மை என்றார். ஆராய்ந்தவர்களிடம் ஒருமித்த கருத்து எழவில்லை. மே மாதத்தில் அவர் தகவல் தொழில்நுட்பத் துறைக்கு மாற்றப்பட்டார். எது உண்மை என்று இங்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் போலிக் குரல் செய்வது எளிது என்று எல்லோருக்கும் தெரிந்த நாளிலிருந்து இரண்டு வழியும் திறந்துவிட்டன. நிரபராதியின் வாயில் பொய்யை வைக்கலாம். குற்றவாளியும் தன் சொந்தக் குரலைப் போலி என்று சொல்லித் தப்பலாம். கேட்கிறவருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியில்லை.

சட்டம் இன்னும் மேடைப்பேச்சுக் காலத்தில் நிற்கிறது. வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் பொதுக்கூட்டம் கூடாது, தொலைக்காட்சியில் பிரசாரம் கூடாது. அந்த அமைதி நேரத்தில் ஒரு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் வந்தால்? 2023 செப்டம்பரில் ஸ்லோவாக்கியாவில் இதுவே நடந்தது. வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன், பிரசார அமைதிக் காலத்தில், எதிர்க்கட்சித் தலைவர் மிகால் ஷிமெச்கா தேர்தல் மோசடி பற்றிப் பேசுவதுபோல் ஒரு போலி ஒலிப்பதிவு பரவியது. அந்த அமைதிக் காலத்தில் அதற்கு மறுப்பைப் பரவலாகக் கொண்டுசேர்ப்பது கடினமாக இருந்தது. இந்தியாவில், போலி வீடியோ கவனத்துக்கு வந்த 3 மணி நேரத்துக்குள் கட்சிகள் நீக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் சொன்னது 2024 மே 6 அன்று. தமிழ்நாடு ஓட்டுப் போட்டு முடித்து இரண்டரை வாரம் ஆகியிருந்தது.

எண்ணும் மேசை

மிக நெருக்கமான முடிவுகளில் ஒன்றான 2016 ராதாபுரத்தை எடுத்துக்கொள்வோம். அதிமுகவின் இன்பதுரை 49 ஓட்டில் திமுகவின் அப்பாவுவை வென்றார். வழக்கின் மையத்தில் இருந்தவை தபால் ஓட்டுகள். நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் சான்றிட்டது செல்லாது என்று 203 தபால் ஓட்டுகள் தள்ளப்பட்டிருந்தன. 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றையும் கடைசி மூன்று சுற்று இயந்திர ஓட்டையும் மீண்டும் எண்ணச் சொன்னது. எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021இல் அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்துவிட்டது. யார் ஜெயித்தார் என்பதை அந்தத் தொகுதி மக்களுக்கு உரிய காலத்தில் சொல்ல முடியாமல் போனது.

இயந்திரத்தைச் சரிபார்ப்பதற்கு இன்று இருக்கும் வழி, 2019 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் வகுத்தது: ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிகளைக் குலுக்கலில் எடுத்து, விவிபாட் சீட்டுகளை எண்ணி, இயந்திரக் கணக்கோடு ஒப்பிடுவது. இதுவரை எண்ணிய சீட்டுகள் 4 கோடிக்கும் மேல். 2024 தீர்ப்பில் பேசப்பட்ட ஒரே வேறுபாடு, 2019இல் ஆந்திரத்தின் மைதுகூரில் ஒரு சாவடியில் நேர்ந்தது. அங்கே மாதிரி ஓட்டுகளை அழிக்க மறந்திருக்கிறார்கள். தவறு மனிதருடையது. இந்தப் பதிவு இயந்திரத்துக்குச் சாதகமானது, அதை ஏற்கத்தான் வேண்டும்.

ஆனாலும் ஐந்து போதுமா என்பது கணக்குக் கேள்வி. ஒரு தொகுதியில் 200 சாவடி என்று வைத்துக்கொள்வோம். பாதி இயந்திரம் பழுது என்றால், ஐந்தைச் சோதித்தாலே 100க்கு 97 வாய்ப்பில் தெரிந்துவிடும். பத்தே பத்து இயந்திரம் பழுது என்றால், அந்த ஐந்தில் ஒன்றாவது சிக்குவதற்கான வாய்ப்பு 100க்கு 23தான். சாவடிக்கு 800 ஓட்டு என்றால் பத்துச் சாவடி 8,000 ஓட்டு. லட்ச வித்தியாசத்தில் ஜெயித்த தொகுதிக்கு அது பொருட்டில்லை. 49 வித்தியாசத்துக்கு ஒரே ஒரு சாவடி போதும். வித்தியாசம் எவ்வளவு இருந்தாலும் ஐந்து என்பது, ஜுரம் எத்தனை டிகிரி என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மாத்திரை கொடுப்பது போன்றது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2017 முதல் இதற்கு மாற்றாக ஒரு முறையைக் கையாள்கிறது. வித்தியாசம் பெரிதாக இருந்தால் சில சீட்டுகளை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். குறையக் குறைய அதிகம் பார்ப்பார்கள். முடிவு சந்தேகத்துக்கு இடமில்லாமல் உறுதியாகும் வரை நிறுத்த மாட்டார்கள்.

எல்லாச் சீட்டையும் எண்ணக் கோரிய வழக்கை 2024இல் நீதிபதிகள் சஞ்சீவ் கன்னாவும் தீபாங்கர் தத்தாவும் தள்ளுபடி செய்தார்கள். சீட்டு முறைக்குத் திரும்பும் கோரிக்கையையும் ஏற்கவில்லை. இரண்டாம், மூன்றாம் இடத்து வேட்பாளர் கேட்டால் 5 சதவீத இயந்திரங்களின் நினைவகத்தைப் பொறியாளர்கள் சோதிக்கலாம் என்றார்கள். சீட்டை எண்ண இயந்திரம் வைக்க முடியுமா என்று ஆராயும்படியும் ஆணையத்திடம் சொன்னார்கள். முழு எண்ணிக்கை வேண்டாம் என்ற முடிவை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. வித்தியாசத்துக்கேற்ற எண்ணிக்கை என்ற நடுவழியை ஆணையம் எடுக்காததைத்தான் புரிந்துகொள்ள முடியவில்லை. நினைவகத்தைப் பொறியாளர் சோதித்துச் சொல்வதை ஊர் நம்ப வேண்டியிருக்கிறது. சீட்டை எண்ணினால் ஊரே பார்க்கலாம்.

2009 மார்ச் 3 அன்று ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் இந்த அடிப்படையில்தான் அங்கிருந்த இயந்திரங்களைத் தள்ளியது. தேர்தலின் முக்கியப் படிகளைச் சிறப்பு அறிவு ஏதுமில்லாத குடிமகன் சரிபார்க்க முடிய வேண்டும் என்றது. இது நமக்குப் புதிய எண்ணம் ஆகாது. பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், கி.பி. 919, 921ஐச் சேர்ந்தவை, குடவோலை முறையை நுணுக்கமாகச் சொல்கின்றன. குடத்தை எல்லோரும் பார்க்க உயர்த்திக் காட்ட வேண்டும். ஒன்றும் அறியாத சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவர் வாசித்த ஓலையைக் கூடியிருப்பவர்களும் வாசிக்க வேண்டும். அது பிராமணர் சபையின் குலுக்கல். நிலமும் வேதப்படிப்பும் இருந்தவர்களுக்கு மட்டும் உரியது, பெண்ணுக்கும் உழைப்பவருக்கும் அங்கே இடமில்லை. அதை மக்களாட்சி என்று கொண்டாடுவதில் எனக்கு விருப்பமில்லை. கையில் வேறெதுவும் இல்லை என்று விரித்துக் காட்டும் அந்த நடைமுறை மட்டும் இன்றைக்கும் வேண்டியது.

தேர்தல் ஆணையம் செய்ய வேண்டியது தெளிவு: வெற்றி வித்தியாசம் குறையும் தொகுதிகளில் விவிபாட் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும், சின்னம் ஏற்றும் கட்டத்தை ஏஜென்ட்டுகளின் கண்முன் நடத்த வேண்டும், பிரசார அமைதி நேரத்தில் பரவும் போலிக் குரலுக்கு மாவட்ட அளவில் உடனே பதில் சொல்ல ஓர் ஏற்பாடு வேண்டும். கட்சிகளிடம் கேட்க வேண்டியது அதைவிடச் சிறியது. மாதிரி ஓட்டை அழித்தாகிவிட்டதா என்று பார்க்காமல் பூத் ஏஜென்ட் கையெழுத்துப் போடக் கூடாது. மொத்தம் எத்தனை ஓட்டு பதிவானது என்று தலைமை அலுவலர் எழுதித்தரும் படிவம் 17சியின் நகலை வாங்காமல் சாவடியை விட்டுப் போகக் கூடாது. எண்ணும் மேசையில் அந்த நகல் ஒன்றுதான் கேள்வி கேட்கும் உரிமையைத் தரும். வாக்காளர்களே, பட்டியல் வரும்போதெல்லாம் உங்கள் பெயரோடு, வெளியூரில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் படிவம் 6ஐ வாங்கி அந்தப் பிள்ளைக்கு அனுப்பி, பூர்த்தி செய்து கொடுக்கச் சொல்லுங்கள்.